ஊருக்கொரு காற்று

ரெஜினாள் ஃபோனில் எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வந்தாள்.

"ஏட்டி டெல்பி, ஒனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? எங்க ஊருக்குத் தொண்ணூறுன்னு சொல்லி ஆம்பிளைகள வீட்ல உக்கார வச்சிட்டு, ஒங்க ஊர்ப் போட்டையெல்லாம் கணவாய் மீனுக்கு அனுப்பிட்டியே. காலைல மாடியில நின்னு பாத்தேன், ஒண்ணு பாக்கியில்லாம போச்சு. கணவாய் என்ன ஒங்க ஊருக்கு மட்டும் சீதனமா வந்துதா?"

டெல்பின் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அக்கா எதற்குக் கத்துகிறாள் என்று புரியவில்லை.

"என்ன தொண்ணூறு? நாற்பதுதானக்கா. காலைல நானே கேட்டேன்."

"நீயே சொல்லிட்டு நீயே கேட்டியாக்கும்."

அதுவும் வாஸ்தவம்தான். அந்தக் கடற்கரையில் எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தப் போட்டில் ஏறினாலும், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு மஞ்சள் பெட்டி இருக்கும். காலையும் சாயங்காலமும் அது பேசும். காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, போகலாமா கூடாதா என்று சொல்லும். பேசுகிற குரல் டெல்பினுடையது. மறைமாவட்ட வானொலியில் கடல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவளை ஒரு காலத்தில் 'கடல்வாக்கு' நிறுவனம் கூப்பிட்டு, குளிரூட்டிய அறையில் வாரக்கணக்கில் உட்கார வைத்து, என்னென்னவோ வாசிக்கச் சொல்லி, குரலை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. மிஷினே அவள் குரலில் பேசிக்கொள்ளும். ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பி வைத்தார்கள்.

சந்தைக்குப் போனால், "நேத்து நீ சொன்னபடியே காத்து திரும்பிட்டு பாத்தியா" என்பார்கள். சொன்னது நானில்லை, மிஷின் என்று திருத்திப் பார்த்து அலுத்துப்போய், இப்போதெல்லாம் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் பெருமை இல்லாமலும் இல்லை.

புளியை அப்படியே மூடி வைத்துவிட்டு, தன் வீட்டு மஞ்சள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பனவிளைக்கு நடந்தாள். அருளப்பர்துறைக்கும் பனவிளைக்கும் நடுவில் ஆறு கடலில் சேருகிற ஒரு பொழி, அவ்வளவுதான் தூரம். தண்ணீர் வற்றினால் இந்த ஊர்க் கோழி அந்த ஊரில் போய் முட்டையிடும். இரண்டு ஊருக்கும் கடல் ஒன்று, மீன் ஒன்று, அடிக்கிற காற்றும் ஒன்று.

ரெஜினாள் வீட்டு மேசையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மறுபடி கேட்கிற பொத்தானை அழுத்தினார்கள்.

"பனவிளை மீனவர்களுக்கு," என்றது ஒன்று. "நாளை அதிகாலை முதல் காற்று மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வீசும். யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம்."

"அருளப்பர்துறை மீனவர்களுக்கு," என்றது மற்றது. "நாளை அதிகாலை முதல் காற்று மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வீசும். கவனமாகச் சென்று வாருங்கள்."

அதே குரல். வாக்கியம் முடியும் இடத்தில் கொஞ்சம் அன்போடு இழுக்கிற அதே இழுப்பு. காலையில் போனவர்களில் அவள் வீட்டுக்காரன் ததேயூஸும் இருந்தான். இரண்டு நாள் தங்கி மீன் பிடிக்கிற ஏற்பாட்டில் ஊரே போயிருந்தது.

"ஒரே வாய்க்கு எத்தன நாக்கு ஏட்டி?" என்றாள் ரெஜினாள். அவளுக்கும் இப்போது கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

டெல்பின் இரண்டு பெட்டிகளையும் பைக்குள் போட்டாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து நாகர்கோவிலுக்குப் போனாள்.

கடல்வாக்கு அலுவலகத்தில் அவளை யாரும் தடுக்கவில்லை. வாசலில் இருந்த காவலாளியிடம் "உள்ள போணும்" என்று அவள் சொன்னதுமே அவர் எழுந்து நின்றுவிட்டார். தினமும் கேட்கிற குரலாயிற்றே. முன்னறிவிப்புப் பிரிவின் தலைவர் தாணுமாலயன் நல்ல மனிதர்தான், மென்மையாகப் பேசுவார், எதிரே இருப்பவர் முதலில் டீயை எடுத்தால்தான் தானும் எடுப்பார்.

"உக்காருங்க மேடம். உங்க குரல்லதான் எங்க பொழப்பே ஓடுது."

டெல்பின் உட்காரவில்லை. இரண்டு பெட்டிகளையும் அவர் மேசையில் வைத்தாள். "இதுல எது உண்மை சார்? நாற்பதா, தொண்ணூறா?"

தாணுமாலயன் மழுப்பவில்லை. அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டும் இல்ல. எழுபது."

"பின்ன?"

"எழுபதுன்னு சொன்னா எல்லாரும் எழுபதுன்னு எடுத்துக்க மாட்டாங்க மேடம். பனவிளைக்காரங்க எதைச் சொன்னாலும் கால்வாசியக் கழிச்சுட்டுத்தான் நம்புவாங்க. கடல்வாக்கு எப்பவும் கூட்டித்தான் சொல்லும்னு கெளம்பிப் போயிடுவாங்க. அதனால அவங்களுக்குக் கூட்டிச் சொல்றோம். உங்க ஊர்க்காரங்க லேசாச் சொன்னாலே போட்டக் கட்டிப் போட்டுடறாங்க. அதனால குறைச்சுச் சொல்றோம். ஒவ்வொரு ஊரும் எப்படி நடந்துக்கும்னு மிஷின் வருஷக்கணக்காப் படிச்சு வச்சிருக்கு. காதுல விழறது என்னவா வேணா இருக்கட்டும், மனசுல போய் உக்கார்றது எழுபதா இருக்கணும். அதுதான் ஏற்பாடு."

"எங்க ஊர் மனசுல எழுபது உக்காந்திருந்தா போட்டெல்லாம் ஏன் சார் இப்போ கடல்ல நிக்கி?"

அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். திரையைத் தன் பக்கம் திருப்பி எதையோ தட்டினார்.

"போயிருக்கக் கூடாதே. நாற்பதுக்கே வீட்டோட இருந்திருக்கணும். போன வருஷம் பூரா உங்க ஊர் அப்படித்தான் இருந்திருக்கு. பாருங்க, ஆடி மாசத்துல காத்து முப்பதுன்னு சொன்ன அன்னைக்குக்கூட ஒரு போட்டும் எறங்கல. அதுக்கு அடுத்த வாரமும் எறங்கல. புரட்டாசியில மூணு தடவ. ரொம்பப் பயந்த ஊருன்னு மிஷின் முடிவு பண்ணியிருக்கு."

டெல்பின் இப்போது உட்கார்ந்தாள்.

ஆடியில் கிளாரிஸ் டீச்சர் செத்துப்போனாள். அடுத்த வாரம் அவள் மாமியார். புரட்டாசியில் காய்ச்சல் ஊரைப் போட்டுப் புரட்டி எடுத்தது. வாரத்துக்கு ஒரு சவப்பெட்டி கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. அருளப்பர்துறையில் ஒருத்தர் செத்தால், அடக்கம் முடிந்து எல்லோரும் பிடி மண் போடுகிறவரை ஒரு போட்டும் கடலில் இறங்காது. கடலில் நிற்கிற போட்டும் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பிவிடும். பேச்சுவார்த்தை இல்லாதவன் வீட்டுச் சாவாக இருந்தாலும் சரி. யாரும் உட்கார்ந்து போட்ட சட்டமில்லை அது. இப்படி ஒரு ஊர் இருக்கக்கூடும் என்பது மிஷினுக்கு எப்படித் தெரியும்? சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லையே.

"அது பயம் இல்ல சார்," என்றாள். "அந்த நாளெல்லாம் எங்க ஊர்ல சாவு. துக்கத்துக்கு நின்னத நீங்க பயத்துக்கு நின்னதா எடுத்துக்கிட்டீங்க. செத்தவங்களுக்கு மரியாத செஞ்சதுக்கு எங்களக் கோழைன்னு முடிவு பண்ணி, அதுக்கு மேல பொய்யும் சொல்லி, கடலுக்கும் அனுப்பிட்டீங்க. அதுவும் என் வாயால."

தாணுமாலயன் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "இத யாரும் எங்கக்கிட்ட சொல்லல மேடம்," என்றார்.

"நீங்க எங்கக்கிட்ட கேட்டீங்களா? இப்படி ஊருக்கொரு காத்து சொல்லுகது எங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

"தெரிஞ்சா வேலை செய்யாது." இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா ஒண்ணு மட்டும் நெனச்சுப் பாருங்க. இது வந்தப்புறம் இந்தக் கரையில கடல் சாவு பாதியாக் கொறஞ்சிருக்கு. நான் ராத்திரி தூங்கறதே அத நெனச்சுத்தான்."

"மிச்சப் பாதி நாங்க ஆக்கும்."



இப்போதே மாற்றிச் சொல்லுங்கள் என்றாள். ஊருக்கான எண்ணைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை, மிஷின் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்றார். எப்போது திருத்தும் என்றாள். இன்றைக்கு உங்கள் ஊர் கிளம்பிப் போனதை அது பார்த்திருக்கும், அடுத்த தடவை கூட்டிச் சொல்லும் என்றார். கேட்டீர்களா நியாயத்தை? அடுத்த தடவையாம். இந்தத் தடவை போனவர்கள் அடுத்த தடவைக்கு இருக்க வேண்டாமா?

"அப்போ மைக்கக் குடுங்க. நானே சொல்லுகேன்."

"நேரடி மைக்கே இல்ல மேடம். உங்க குரல் வந்தப்புறம் அந்த ரூம ஸ்டோர் ரூமா மாத்திட்டோம். நான் மேல பேசிப் பாக்கறேன். நாளைக்குள்ள ஏதாவது…"

டெல்பின் எழுந்து வந்துவிட்டாள். டீயைத் தொடவில்லை.

அருளப்பர்துறைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஊருக்கென்று ஒரு வயர்லெஸ் அறை உண்டு. மஞ்சள் பெட்டி வந்த பிறகு அதை யாரும் சீந்துவதில்லை. டெல்பினுடைய மாமனார் சூசைமிக்கேல் மட்டும், கடலுக்குப் போவதை விட்ட நாளிலிருந்து, பொழுது போவதற்காக அங்கே உட்கார்ந்து போட்டுக்காரர்களிடம் வம்பளந்துகொண்டிருப்பார். மருமகள் வந்த வேகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ததேயூஸ், நான் டெல்பின் பேசுகேன். கேக்குதா? நாளைக்கு எழுபது அடிக்கப் போகுது. எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்திருங்க."

இரைச்சலுக்கு நடுவில் ததேயூஸ் குரல் வந்தது. "எழுபதா? இப்பந்தான பிள்ளே நாற்பதுன்னு சொன்ன."

"அது நானில்ல. பெட்டி."

"பெட்டியில இருக்கது நீதான?"

வேறு போட்டிலிருந்து கிளீட்டஸ் குறுக்கே வந்தான். ததேயூஸுக்குச் சித்தப்பா மகன், வாய்த் துடுக்கு அதிகம். "மயினி, நாங்க எந்த மயினிய நம்பணும்? பெட்டி மயினி தெளிவாப் பேசுகா. இந்த மயினி கொரகொரங்கா." நாலைந்து போட்டுகளிலிருந்து சிரிப்புக் கேட்டது.

டெல்பின் சொல்லிப் பார்த்தாள். பனவிளைப் பெட்டியைப் பற்றி, நாகர்கோவிலில் கேட்டதைப் பற்றி, மிஷின் ஊர் பார்த்துப் பேசுவதைப் பற்றி எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரி பேச்சாகப் பட்டது. நடுவில் கிளீட்டஸ் தன் போட்டிலிருந்த மஞ்சள் பெட்டியை வயர்லெஸ்ஸுக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்தினான். கவனமாகச் சென்று வாருங்கள் என்று அவளுடைய குரலே அவளை மறித்துப் பேசியது.

"இஞ்சேருங்க," என்றாள் கணவனிடம், "மத்தவங்க எப்படியும் போகட்டு. நீங்களாவது வாங்க."

"கணவாய் இப்பந்தான் தெளிஞ்சு கெடக்கு. நான் மட்டும் திரும்பினா, பெண்டாட்டி முந்தானைல ஒளிஞ்சவன்னு காலம் பூராச் சொல்லுவானுவ. நீ ஒண்ணு செய்யி. சாயங்காலம் பெட்டியில சொல்லு. எல்லாரும் வந்திருகோம்."

சாயங்காலம் பெட்டி என்ன சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். வயர்லெஸ் விசையைப் பிடித்திருந்த கையைத் தளர்த்திவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷம் ஊரே தன் பேச்சைக் கேட்கிறது என்று மிதப்பில் இருந்தவள்தானே. நிஜமாகப் பேச வேண்டி வந்தபோது கேட்க ஒரு நாதி இல்லை.

சூசைமிக்கேல் மூக்குப்பொடி டப்பாவை மூடி மடியில் வைத்தார்.

"நான் செத்துட்டேன்னு சொல்லு மக்கா."

"என்ன மாமா பேசுகிய?"

"வேற எதச் சொன்னாலும் வரமாட்டானுவ. இதுக்கு வருவானுவ. கிளீட்டஸுக்க அப்பனுக்கும் எனக்கும் எல்லைத் தகராறு உண்டு, அந்தக் கிளீட்டஸும் வருவான். நானும் சாவுக்குப் பக்கத்துலதான் இருக்கேன், கொஞ்சம் முன்னால சொன்னதாட்டு இருக்கட்டு."

நல்லதுக்கு ஒரு பொய். இதைத்தானே தாணுமாலயனும் டீ கொடுத்துச் சொன்னார். ஆனால் அவர் பொய்யால் போனவர்களைத் திருப்பிக் கொண்டுவர அவளிடம் வேறு உண்மை எதுவும் மிச்சமில்லை. விசையை அழுத்தினாள். ஊரில் எப்போதும் சொல்கிற வார்த்தைகளையே சொன்னாள்.

"அருளப்பர்துறைப் பங்கைச் சேர்ந்த சூசைமிக்கேல் இறைவனில் இளைப்பாறினார்."

வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் ஓடியது. பிறகு ததேயூஸ், சின்னப் பையன் மாதிரி, "அப்பாவா?" என்று கேட்டான். டெல்பின் விசையை விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கிளீட்டஸ் அடுத்த போட்டுக்குச் சொன்னான், அந்தப் போட்டு அதற்கும் அப்பால் நின்ற போட்டுக்குச் சொன்னது. கணவாய் என்ற பேச்சையே அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் எல்லாப் போட்டும் கரைக்கு வந்தது. ததேயூஸ் தண்ணீரில் குதித்து, விழுந்து எழுந்து ஓடி வந்தான். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். முதலில் அழுதான். பிறகு எழுந்து, ஊர் பார்க்க, பெண்டாட்டியை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினான். கிளீட்டஸ் ஊர்க் கமிட்டியைக் கூட்ட வேண்டும் என்றான். சாவை வைத்தா விளையாடுவது என்று பெண்களும் ஏசினார்கள்.

விடியும்போது காற்று வந்தது. எழுபதுக்கு மேலேயே இருக்கும். கோயில் கூரையில் ஓடு நிற்கவில்லை, கரையில் கட்டிய போட்டுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன. திட்டியவர்கள் எல்லாம் அவள் வீட்டுக்குள் வந்து ஒண்டிக்கொண்டார்கள். யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. மேற்கே இன்னொரு ஊர் உண்டு, அதையும் மிஷின் பயந்த ஊர் என்று எழுதி வைத்திருந்தது. அங்கே ஒரு போட்டு திரும்பவில்லை. அந்த ஊருக்கும் கவனமாகச் சென்று வாருங்கள் என்று சொன்னது டெல்பினுடைய குரல்தான். கடல்வாக்கு அறிக்கை விட்டது: முன்னறிவிப்பு உரிய நேரத்தில் வழங்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்துத் தாணுமாலயன் ஃபோன் செய்தார். உண்மையிலேயே நெகிழ்ந்துபோயிருந்தார்.

"மேடம், உங்க ஊர்ப் போட்டு ஒண்ணு விடாமத் திரும்பியிருக்கு. இத்தன வருஷத்துல இப்படி ஊரே திரும்பினத நாங்க பாத்ததே இல்ல. அப்படி என்னதான் சொன்னீங்க?"

மேற்கத்து ஊரில் அன்றைக்கு வெறும் சவப்பெட்டியை அடக்கம் செய்திருந்தார்கள். டெல்பின் அங்கே போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"சாவுன்னு சொன்னேன் சார். எங்க ஊர்ல ஒங்க காத்துக்கு மதிப்பு கெடையாது. மனுஷனுக்கு உண்டு. ஒருத்தன் செத்தான்னா எல்லாத்தையும் போட்டுட்டு வருவானுவ. இதயும் ஒங்க மிஷின்ட்ட சொல்லி வைங்க. அதுக்காவது புத்தி வரட்டு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்ட திருப்தியில் ஃபோனை வைத்தாள். அந்தப் பக்கம் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை வெட்கம் என்று நினைத்தாள். பாவி, அவர் அதை எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த பருவத்தில் ஒரு நாள் ரெஜினாள் ஃபோன் செய்தாள். "ஏட்டி, எங்க உபதேசியார் செத்துட்டாருன்னு போட்டுப் பெட்டியில எல்லாம் நீ சொன்னியாமே. ஆம்பிளைக அழுதுகிட்டே வந்து எறங்குகானுவ. அவரு சந்தையில வெண்டைக்கா ஒடிச்சுப் பாத்துக்கிட்டு நிக்காரு."

அன்றைக்குச் சாயங்காலம் கடல் கொந்தளித்தது. பனவிளை தப்பியது. பேப்பரில் பாராட்டி எழுதினார்கள். பிறகு தெற்கே ஒரு ஊரில் ஒரு சாமியாரைச் சாகடித்தது மிஷின், கிழக்கே ஒரு மருத்துவச்சியை. யார் செத்தால் அதிகம் போட்டு திரும்பும் என்று அது ஊர் ஊராகப் படித்து வைத்திருந்தது. எல்லாச் சாவையும் டெல்பின்தான் சொன்னாள், அந்த அன்பான இழுப்போடு.

நாகர்கோவிலுக்குப் போய்க் கத்தினாள். "என் குரலத் திருப்பிக் குடுங்க. ஒங்க பொன்னாடையும் நீங்களே வச்சுக்கிடுங்க."

"ஒப்பந்தத்துக்குக் கெடுன்னு எதுவும் இல்ல மேடம். அந்தக் குரல் உங்களுது மாதிரிதான், ஆனா உங்களுது இல்ல." தாணுமாலயன் இப்போதும் மென்மையாகத்தான் பேசினார். "இந்த யோசனையக் குடுத்ததே நீங்கதான். உயிர் பிழைச்சவங்க எத்தன பேர்னு நெனச்சுப் பாருங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. டெல்பின் பஸ்ஸில் வரும்போது யாரோடும் பேசவில்லை. பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று இப்போதெல்லாம் கடையில்கூடக் கையைக் காட்டித்தான் சாமான் கேட்டாள்.

மனுஷன் எதற்கும் பழகிவிடுகிறான். இரண்டு பருவம் போவதற்குள் சாவுச் செய்தி என்றால் புயல் செய்தி என்று கரை முழுக்கப் புரிந்துபோயிற்று. இன்னார் இறந்தார் என்று பெட்டி சொன்னால் பெண்கள் கொடியில் காய்கிற துணியை எடுக்க ஓடினார்கள். செத்ததாகச் சொல்லப்பட்டவர் தன் வீட்டு ஓட்டுக் கூரையைக் கயிறு போட்டுக் கட்டினார். போட்டுக்காரர்கள் ஊர் வரைக்கும் வந்து டீசலை வீணாக்காமல், பக்கத்தில் எந்தத் துறைமுகம் இருக்கிறதோ அங்கே ஒதுங்கிக்கொண்டார்கள். "இன்னைக்கு யாரக் கொன்னிருக்கா நம்ம மயினி?" என்று கிளீட்டஸ் கேட்பான். ததேயூஸும் சிரிப்பான். அழுகிறவர்கள் யாரும் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து வயர்லெஸ் நாற்காலியில் உட்கார்ந்த சூசைமிக்கேல் அப்படியே தலையைச் சாய்த்துவிட்டார். மூக்குப்பொடி டப்பா திறந்தபடி மடியில் இருந்தது.

அவரைப் பெண்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதும், டெல்பின் திரும்பி வந்து அதே விசையை அழுத்தினாள். மஞ்சள் பெட்டி இல்லை, மிஷின் இல்லை, சொந்தத் தொண்டை.

"இஞ்சேருங்க. மாமா செத்துப்போனாரு."

"சரி பிள்ளே, கேட்டாச்சு," என்றான் ததேயூஸ் சாதாரணமாக. "நாங்க கொல்லத்துக்குப் பக்கத்துலதான் நிக்கோம். அங்கயே ஒதுங்கிக்கிடுகோம். ஓட்ட இறுக்கிக் கட்டு."

"நான் நெசமாச் சொல்லுகேன். காத்துக்காகச் சொல்லல்ல. மாமா நெசமாவே செத்துட்டாரு."

"வெளங்குது, வெளங்குது. பெரிய காத்துபோல. எத்தன தடவச் சொல்லுவ?" போட்டு திரும்புகிற சத்தம் கேட்டது. "அப்பாவ வெளிய விடாத, என்ன? காத்துல நின்னா அவருக்கு இழுப்பு வந்துரும்."

அவள் கத்தினாள். அழுதாள். மாதா மேல் ஆணையிட்டாள். போட்டுகள் கொல்லத்துப் பக்கம் நகர நகர இரைச்சல் கூடி, கடைசியில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். வெயில் காலம், அதற்குமேல் வைக்க முடியாது. கரையில் கடலுக்குப் போகாத கிழவர்கள் நாலு பேர் இருந்தார்கள், அவர்களால் தூக்க முடியவில்லை. பனவிளையிலிருந்து ரெஜினாள் வந்தாள், அவளோடு சில பெண்கள் வந்தார்கள். அந்த ஊரில் முதல்முறையாகப் பெண்கள் சவப்பெட்டியைத் தோளில் வைத்தார்கள். தலைமாட்டில் மகன் நிற்க வேண்டிய இடத்தில் டெல்பின் நின்றாள். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு மஞ்சள் பெட்டிகள் அவள் குரலில் பேசின. இளங்காற்று, அலை இல்லை, தாராளமாகக் கடலுக்குச் செல்லலாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் போட்டுகள் வந்தன. கடல் குளம்போலக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்த ததேயூஸ் கையில் கொல்லத்துக் கடையில் வாங்கிய மூக்குப்பொடிப் பொட்டலம் இருந்தது.

"ஒரு காத்தையும் காணலியே பிள்ளே," என்றான் சிரித்துக்கொண்டே. "அப்பா எங்க?"